உன் பிள்ளை, என் பிள்ளை, நம்ம பிள்ளை!

தோட்டப்புறத் தாய்மார்களே, தகப்பன்மார்களே!

“உன் பிள்ளையும் என் பிள்ளையும் சேர்ந்துகிட்டு நம்ம பிள்ளைய அடிக்குதுங்க” என்று ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது, கொட்டாவிதான் வரும். அவ்வளவு அசதி!

மனைவியை இழந்த ஓர் ஆண். கணவனை இழந்த, அல்லது கோர்ட்டில் பிரிந்த ஒரு பெண். இருவருக்கும் பிள்ளைகள். இருவரும் சேர்ந்து ஒரு குடும்பமாகிறார்கள். பிறகு அவர்களுக்கென்றும் ஒரு குழந்தை பிறக்கிறது. இப்படி இரண்டு அடுப்பு ஒன்றாகிய வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. கலியாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லாவற்றையும் உரக்கப் பேசுகிற நாம், இந்த வீடுகளைப் பற்றி மட்டும் குழாயடியில் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்று கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுவோமே!

நமக்குப் புதிதல்ல

இரண்டாந்தாரம், மறுமணம் என்றால் ஏதோ இந்தக் காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடுவதற்காக நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை வாரிக்கொண்டு போனான். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. லயத்தில் பிள்ளைகளோடு காத்திருந்த பெண்களுக்குச் செத்த சேதிகூடச் சரியாக வந்து சேரவில்லை. உயிரோடு திரும்பி வந்தவர்களில் சிலர், வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லாததைக் கண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளும் பெண்சாதியைப் பறிகொடுத்தவனும் பிள்ளைகளோடு சேர்ந்து பிழைத்த குடும்பங்கள் உண்டு.

பிறகு 1969-க்குப் பின்னால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். கணவன் அங்கே, மனைவி இங்கே என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு.

ஆக, உடைந்த இரண்டு சட்டிகளை ஒட்டி ஒரு பானையாக்கும் வித்தை நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் எவ்வளவு கஷ்டம், எவ்வளவு பலன் என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு வீட்டைப் பார்ப்போம்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது யாருடைய சொந்தக் கதையும் அல்ல. பல வீடுகளில் நடக்கக்கூடியதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறோம். “அட, இது நம்ம வீடு மாதிரி இருக்கே!” என்று தோன்றினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் செம்பனையில் குலை வெட்டுகிறவர். முதல் மனைவி நோயில் போய்விட்டாள். பதினாலு வயதில் ஒரு பெண், பதினோரு வயதில் ஒரு பையன். அந்த அம்மாள் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். முதல் கணவர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் விபத்தில் மாண்டவர். பதிமூன்று, ஒன்பது, ஆறு என்று மூன்று பிள்ளைகள். இவர்கள் சேர்ந்த பிறகு பிறந்த கைக்குழந்தை ஒன்று. மொத்தம் ஆறு. பெரியவர்கள் இருவரையும் சேர்த்தால் எட்டு வயிறு.

விடிகாலை நாலு மணிக்கு அந்த அம்மாள் எழுந்திருக்கிறார். சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, பிள்ளைகளுக்குப் பசியாறக் கட்டிக் கொடுத்து, ஆறு மணிப் பெரட்டுக்கு ஓட வேண்டும். அதற்குள் ஒருத்திக்குச் சடை பின்ன வேண்டும், ஒருத்தன் சப்பாத்தைக் காணோம் என்பான், ஒருத்தன் நேற்றே கையெழுத்து வாங்க வேண்டிய பள்ளிக்கூடக் கடிதத்தை இப்போதுதான் நீட்டுவான், கைக்குழந்தை அழும்.

“அம்மா, அவன் என் பென்சில எடுத்துக்கிட்டான்!”

“சின்னம்மா, அது என் பென்சிலு! எங்கப்பா வாங்கிக் கொடுத்தது!”

ஐம்பது காசுப் பென்சில்தான். ஆனால் “எங்கப்பா” என்ற அந்த ஒரு சொல்லில் வீடு இரண்டாகப் பிளந்துவிடுகிறது பாருங்கள்!

பிறகு வெயில் ஏறும்வரை குனிந்து குனிந்து பழம் பொறுக்கல். அவரோ நீளக் கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து வெட்டுகிறவர். ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும். கழுத்தும் தோளும் கழன்று போய்த்தான் வீடு திரும்புவார். திரும்பினால் ஆறு பேருடைய துணி, ஆறு பேருடைய பள்ளிப் பாடம், ஆறு பேருடைய சண்டை.

வருமானம்? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. இருவர் கையிலும் அதுவே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 3,400 வெள்ளி. எட்டுப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 425 வெள்ளி. அதிலும் சேமநிதி, சொக்சோ பிடித்தம் உண்டு. சோறு, பள்ளிக்கூட பஸ், கறுப்புச் சப்பாத்து, கிளினிக்கு, கைப்பேசி எல்லாம் இதற்குள்தான். அசதி வராமல் என்ன செய்யும்?

அசதி எங்கிருந்து வருகிறது?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு பிள்ளைகளைத் தாமே பெற்று வளர்த்த தாய்மார்களும் நம் லயங்களில் இருந்தார்கள். எட்டு, பத்து என்று பெற்றவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே வேலைதான். அப்படியிருக்க, சேர்ந்த குடும்பத்துத் தாய்க்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு அசதி?

வேலையினால் மட்டும் வருகிற அசதி அல்ல அது. கணக்குப் பார்ப்பதால் வருகிற அசதி!

இவனுக்கு ஒரு மீன் துண்டு, அவனுக்கு ஒரு மீன் துண்டு. என் பிள்ளைக்குத் தலைப்பக்கம் போய்விட்டதா, அவர் பிள்ளைக்கு நடுத்துண்டு போய்விட்டதா? இவளைத் திட்டினேனே, மூத்தாள் பிள்ளை என்று திட்டியதாக அடுத்த வீட்டுக்காரி சொல்வாளோ? அவனைத் திட்டாமல் விட்டேனே, பெற்ற பிள்ளை என்று விட்டதாகச் சொல்வாளோ? நாள் முழுக்க மனத்துக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருக்கிறது. பழம் பொறுக்கும்போது முதுகு மட்டும் வலிக்கும். இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் தூக்கத்திலும் வலிக்கும்.

தகப்பனுக்கும் இதே கதைதான். “எம் பிள்ளைய அவ சரியாப் பாக்குறாளா?” என்று வேலைக்காட்டில் அவர் யோசிப்பார். “எம் பிள்ளைங்க திங்கிற சோத்த இவரு கணக்குப் பண்ணுறாரோ?” என்று அந்த அம்மாள் யோசிப்பார். இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். பேசாத பேச்சு உள்ளேயே புளித்துப் போகும்.

ஆகவே, அடுப்படியிலிருந்து இந்தக் கணக்கை எப்படி விரட்டுவது? கையில் காசில்லாமலே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

அகப்பையைப் பிடுங்காதீர்கள்

தாய் இல்லாத வீட்டில் பெரிய பெண்தான் தாய். அம்மா போன பிறகு சோறு வடித்தவள் அவள், தம்பிக்குத் தலை சீவியவள் அவள், அப்பாவுக்குத் தண்ணி கலக்கிக் கொடுத்தவள் அவள். பதினாலு வயதுப் பிள்ளை பெரிய மனுஷியாகி நிற்கிறாள். திடீரென்று ஒரு நாள் வேறொரு பெண்மணி வந்து, “நீ போய்ப் படிம்மா, நான் பாத்துக்கிறேன்” என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் அது எப்படி விழுகிறது தெரியுமா? “இனிமே நீ இந்த வீட்டுக்குத் தேவையில்ல” என்று விழுகிறது.

முதல் வருஷத்துச் சண்டைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று புகார் சொல்கிறோம். அவளிடம் யோசனை கேட்டுப் பாருங்களேன்!

“பாப்பா, உங்கப்பாவுக்குக் குழம்புல புளி எவ்வளவு போடுவ? வந்து ஒரு வாட்டி ருசி பாத்துச் சொல்லு.”

இந்த ஒரு வார்த்தை போதும். அவள் ஆண்ட அடுப்படியில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று. அதே நேரத்தில், சின்னவர்களைச் சுமக்கிற பாரத்தை மெதுவாக அவள் தோளிலிருந்து இறக்குங்கள். அவள் படிக்க வேண்டிய பிள்ளை. இலவசமாகக் கிடைத்த ஆயா அல்ல!

சின்னம்மா என்பதே நல்ல பேர்தான்

“அம்மான்னு கூப்பிட மாட்டேங்கிறான்” என்று வருந்துகிறவர்கள் உண்டு. கூப்பிடச் சொல்லி அடிக்கிறவர்களும் உண்டு. எதற்கு? நம் தமிழில் முறைப்பேருக்குப் பஞ்சமா? சின்னம்மா, சித்தி, சித்தப்பா. எல்லாம் மரியாதையான பேர்தானே? வெள்ளைக்காரன் மொழியில் இதற்கு ஒட்டுச் சொல் தேட வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த வேலை இல்லை. கூப்பிடுகிற பேர் தானாக மாறினால் மாறட்டும். மாறாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. பேர் வாசிக்கும்போது அ/லெ, அ/பெ என்று தகப்பன் பேரும் சேர்ந்து வரும். ஒரே வீட்டிலிருந்து போகிற இரண்டு பையன்களுக்கு இரண்டு தகப்பன் பேர்! “டேய், நீங்க அண்ணன் தம்பின்னு சொன்னீங்க, உங்கப்பா பேரு வேற வேறயா இருக்கு?” என்று எவனாவது கேட்பான். பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். பதிலை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். “என்னைப் பெத்த அப்பா இறந்துட்டாரு. இவரு என்னை வளக்கிற அப்பா. இவன் என் அண்ணன்.” அவ்வளவுதான். மறைத்தால்தான் அவமானம், சொல்லிவிட்டால் அது வெறும் சங்கதி.

போனவர்களுக்கும் ஓர் இடம்

சுவரில் முதல் மனைவியின் படம் இருக்கும். புதிதாக வந்தவர் அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார் என்றால், அன்றைக்கே ஆரம்பித்தது யுத்தம்! படத்தைக் கழற்றலாம், பிள்ளைகள் நெஞ்சிலிருந்து கழற்ற முடியுமா?

நம் முன்னோர்கள் இதை அறிந்தவர்கள். சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரியாக வைத்து, புதுப்புடவை வைத்துப் படைத்துக் கும்பிடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டல்லவா? போனவளும் இந்த வீட்டுக்காரிதான், அவளுக்கு ஒரு மூலையில் இடம் உண்டு, அவள் ஆசீர்வாதத்தோடுதான் இவள் விளக்கேற்றுகிறாள் என்பதுதானே அதன் கருத்து? சின்னம்மாவே முன்னின்று அந்தத் தெவசச் சோற்றைச் சமைத்துப் படைக்கட்டும். அதைப் பார்க்கிற பிள்ளைகளின் கண்ணில் அன்றைக்கு ஏதோ ஒன்று இளகும்.

அந்த அம்மாளின் முதல் கணவருக்கும் இது பொருந்தும். “செத்தவன் பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாது” என்று மீசையை முறுக்குகிற ஆண்கள் உண்டு. அது வீரமல்ல, அச்சம். தகப்பனைப் பற்றிப் பேச விடுங்கள். பேசி அழுத பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்.

பக்கத்து லயத்தில் முதல் மனைவியைப் பெற்ற பாட்டி இருப்பார். “எம் பேத்தி எளைச்சுப் போச்சே!” என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவரை எதிரியாக்காதீர்கள். மகளைப் பறிகொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு அவரையும் கூப்பிடுங்கள். வந்து உட்கார்ந்து, ஆறு பேருக்கும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கண்டிக்கிற கை எது?

முதல் ஒரு வருஷமாவது, அவரவர் பிள்ளையை அவரவரே கண்டிப்பது நல்லது. சின்னம்மா கை ஓங்கினால் அது ‘மாற்றாந்தாய்க் கொடுமை’ ஆகிவிடும். சித்தப்பா பிரம்பெடுத்தால், “எங்கப்பா இருந்திருந்தா...” என்று பிள்ளை நினைப்பான். அடிக்கு அன்பு முந்த வேண்டும். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று படங்களிலும் கதைகளிலும் காட்டிக் காட்டி நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் பழியைச் சுமந்துகொண்டே ஆறு பேருக்குச் சோறாக்குகிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

தகப்பன்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கழுத்து வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் அவளும் பெரட்டுக்குப் போய் வந்தவள்தானே? வந்ததும் சாய்ந்துவிட்டால் எப்படி? ஆறு பேரில் இரண்டு பேருக்குக் குளிக்க வார்த்துவிடுங்கள். பள்ளி உடையை நீங்கள் தேய்த்துக் கொடுங்கள். முக்கியமாக, உங்கள் பிள்ளையையும் அவள் பிள்ளையையும் ஒன்றாக மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பசார் மாலாம் போய் வாருங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளிக்குப் பலகாரம் வாங்கினாலும் போதும். சம்பள நாளில் மலிவு மதுவுக்குப் போகிற வெள்ளி இந்தப் பக்கம் திரும்பினால், வீடு பிழைத்துக்கொள்ளும்.

ஆபீசில் கணக்கு வேண்டும்!

அடுப்படியில் கணக்கு வேண்டாம் என்றோம். ஆபீசில் கண்டிப்பாகக் கணக்கு வேண்டும்! பாசத்தில் பிள்ளைகள் ஒன்று, சட்டத்தில் ஒன்றல்ல. இது தெரியாமல், தகப்பன் திடீரென்று போன பிறகு, ‘வளர்த்த பிள்ளை’ வெறுங்கையோடு நிற்கும் நிலை வரலாம். ஆகவே இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டாலும் நல்லது.

முதலாவது, திருமணப் பதிவு. 1982 மார்ச் 1-ஆம் தேதி முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டது மட்டும் போதாது. முதல் துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். பிரிந்திருந்தால் கோர்ட்டின் மணவிலக்கு ஆணை வேண்டும். “அவன் ஓடிப்போய் வருஷக்கணக்காச்சு” என்று வாயால் சொன்னால் செல்லாது. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதித் திருமணத்தை முறித்துத் தரும்படி கோர்ட்டில் மனுச் செய்ய வழி இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் ‘நம்ம பிள்ளை’யின் பிறப்புப் பத்திரத்திலேயே தகப்பன் பேருக்குச் சிக்கல் வரும். தாய்க்குக் குடியுரிமை இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறியாகிவிடும்.

இரண்டாவது, சோறு போடும் கடமை. ஒருவன் தனக்குப் பிறக்காத பிள்ளையைத் தன் குடும்பத்தில் ஒருவனாக ஏற்றுக்கொண்டால், பெற்றவர்கள் காப்பாற்றத் தவறும் அளவுக்கு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது அவன் கடமை. இதை நாம் சொல்லவில்லை. அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 99-வது பிரிவு சொல்கிறது. “அது எம் பிள்ளையா?” என்று கேட்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மூன்றாவது, சொத்து. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி சொத்து பிரிக்கப்படும். மனைவிக்கும், பெற்ற பிள்ளைகளுக்கும், உயிரோடிருக்கும் பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. கோர்ட்டு மூலம் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் உண்டு. ஆனால் மனைவியோடு வந்த பிள்ளைக்கு, பத்து வருஷம் தோளில் தூக்கி வளர்த்திருந்தாலும், ஒரு காசு இல்லை! இதைச் சரி செய்ய வழி இரண்டு: ஒன்று, 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி கோர்ட்டில் தத்தெடுப்பது. மற்றொன்று, உயில் எழுதுவது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறப்போகிறவர் சாட்சியாக இருந்தால் அவர் பங்கு போய்விடும். இன்னொன்று, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு பொதுவாகச் செல்லாமல் போய்விடும். ஆகவே மறுமணம் ஆனவர்கள் புதிதாக எழுத வேண்டும்.

நான்காவது, சேமநிதி. வாரியத்தில் யார் பேரைக் கொடுத்திருக்கிறீர்கள்? இளவட்டமாக வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பேரா? போன மனைவியின் பேரா? தாலி மாறியதும் அந்தப் பேர் தானாக மாறாது. வாரியத்துக்குப் போய்ப் புதிதாக எழுதிக் கொடுங்கள். ஆறு பிள்ளைகள் என்றால் ஆறு பேரையும், யாருக்கு எவ்வளவு என்றும் எழுதலாம்.

ஐந்தாவது, சொக்சோ. வேலை விபத்தில் இறந்தவரின் பென்ஷனில் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு உண்டு. 21 வயது வரையோ, திருமணம் ஆகும் வரையோ அது வரும். முதல் பட்டப்படிப்புப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் படிப்பு முடியும் வரை வரும். தாய் மறுமணம் செய்துகொண்டதால் பிள்ளையின் பங்கு நிற்காது. அது அந்தப் பிள்ளையின் செத்துப்போன தகப்பன் அனுப்புகிற காசு. முடிந்தவரை அந்தப் பிள்ளையின் படிப்புக்கே வையுங்கள். மறுமணம் ஆனதைச் சொக்சோ அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கோர்ட்டு, வக்கீல் என்றதும் பயம் வேண்டாம். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ, சங்கத்துக் கிளைத் தலைவரையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

பலன் எப்போது?

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும்? உடனே ஒன்றும் கிடைக்காது. ரப்பர் கன்று நட்டவன் பால் வெட்ட ஐந்தாறு வருஷம் காத்திருக்கவில்லையா? இதுவும் அப்படித்தான். ஆனால் பலன் வரும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது.

நாம் பார்த்த அந்த வீட்டுக்கே போவோம். குலை விழுந்து அவர் காலில் அடிபட்டு இரண்டு மாதம் படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் கூடையும் வாளியுமாகத் தனியே வேலைக்காட்டுக்குப் போக வேண்டும். அப்போது பார்க்க வேண்டும் அந்த வீட்டை! அம்மாளோடு வந்த பையன் அவருக்குக் கட்டுத் துணி மாற்றுகிறான். அவருடைய பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்னவனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறாள். பதினோரு வயதுப் பையன் வீடு கூட்டுகிறான். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்கூட ‘அது அவன் வேலை, இது இவன் வேலை’ என்று மல்லுக்கட்டுவதுண்டு. இந்தப் பிள்ளைகளோ, ஒரு முறை வீடு இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள். இன்னொரு முறை விழ விடமாட்டார்கள்.

கிளினிக்கில் மருந்து கொடுக்கிற மிஸ்ஸி அந்தப் பெண்ணிடம், “கூட யார் வந்திருக்கா?” என்று கேட்கிறார். “அம்மா வெளிய இருக்காங்க” என்கிறாள் பிள்ளை. சின்னம்மா அல்ல, அம்மா! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. வெளியே பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளின் காதில் அது விழுந்ததோ இல்லையோ! விழுந்திருந்தால், நாலு மணிக்கு எழுந்த அத்தனை விடிகாலைக்கும் அன்றைக்குச் சம்பளம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

அக்கம்பக்கத்தாரும் கேளுங்கள்

கடைசியாக, அண்டை அயலாருக்கு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைப் பார்த்தால், “உங்க சின்னம்மா நல்லாச் சோறு போடுறாளா?” என்று கேட்காதீர்கள். நீங்கள் பாசத்தில் கேட்கலாம். பிள்ளை மனத்தில் அது விஷமாக இறங்கும். அதற்குப் பதிலாக அந்தக் கைக்குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் ஒரு மணி நேரம் தூங்கட்டும். முன்பு ஆயாக்கொட்டகை இருந்தது. பல தோட்டங்களில் இன்று அது இல்லை. நாமே ஒருவருக்கொருவர் ஆயாக்கொட்டகையாக இருப்போமே!

இந்த வாரச் சம்பளத்தில் ஒரு காசும் செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. இன்றைக்கு ராத்திரி ஆறு பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, யார் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்காமல் பரிமாறுங்கள். நாளைக்குப் பட்டணத்துக்குப் போகிறவர்கள், பிறப்புப் பத்திரங்களையும் திருமணப் பத்திரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சேமநிதி வாரியத்தில் யார் பேர் இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்.

ஆறு பேர் பேரும் அதில் இருக்கட்டும்!